இரத்தம் சொல்லும் செய்தி: இரைப்பைப் புற்றுநோயும் சோதனைத் தாளும்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



வாரம் முழுவதும் விடியுமுன் எழுந்து பால் வெட்டச் செல்லும் நீங்கள், கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டு, பாலத்தைக் கடந்து இத்தீவுக்கு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன், மருத்துவன் அல்லன். ஆகவே யாருக்கும் இங்கே மருந்து சொல்லப் போவதில்லை. ஒரு தாளை எப்படிப் படிப்பது, எப்படிப் படிக்கலாகாது என்பதை மட்டும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில காலத்திற்கு முன் செபராங் பிறையில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். லயத்து வாசலில் ஓர் அம்மையார் என்னை நிறுத்தி, மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். "ஐயா, இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றார். அவருடைய கணவருக்கு வயது ஐம்பத்து நான்கு. முப்பது ஆண்டுகளாகப் பால் வெட்டியவர். அவருக்கு இரைப்பையில் புற்றுநோய் கண்டிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்திருந்தார்கள். இன்னும் நான்கே நாள் இருந்தது. ஆனால் அவர் போக மறுத்துவிட்டார். ஏன்? இரத்தச் சோதனைத் தாளில் இரண்டு எண்கள் அளவுக்கு மேல் இருந்தன. உறவுக்காரப் பையன் ஒருவன் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, "இந்த எண் கூடினால் ஆயுள் குறைவு" என்று சொல்லிவிட்டான். "போகிற உயிர் வீட்டிலேயே போகட்டும்" என்று பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பையன் படித்தது பொய்யன்று, அரை உண்மை. ஒரு குடும்பத்தைத் தவறான முடிவுக்குக் கொண்டு செல்ல அரை உண்மையே போதும். மற்றப் பாதியைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

இரைப்பைப் புற்றுநோய் உலகில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஐந்தாவது இடத்தில் உள்ளது. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 9 இலட்சத்து 68 ஆயிரம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளானார்கள். ஏறக்குறைய 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் உயிரிழந்தார்கள். நம் நாட்டில் சீனரிடையே இது மிகுதி. இந்தியர் அடுத்த நிலையிலும், மலாய்க்காரர் அதற்கும் அடுத்த நிலையிலும் உள்ளனர்.

வெள்ளை வேர் நோயை நீங்கள் அறிவீர்கள். மரத்தின் இலை மஞ்சளாகும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் மண்ணுக்கடியில் வேர் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். இரைப்பைப் புற்றுநோயும் அத்தகையதே. தொடக்கத்தில் சிறிது வயிற்றெரிச்சல், சிறிது உப்புசம், அவ்வளவுதான். "காற்று" என்று சொல்லிச் சோடா உப்பைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். உடல் இளைத்து, சாப்பாடு இறங்காமல் போகும்போதுதான் மருத்துவரைத் தேடுகிறோம்.

நோய் இரைப்பையின் உட்தோலோடு நிற்கும்போதே கண்டு அகற்றப்பட்டவர்களுள், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள் என்பது ஜப்பானியரின் அனுபவம். ஈரலுக்கோ வேறு உறுப்புக்கோ பரவிய பின்னர் இந்த நிலை தலைகீழாகிவிடுகிறது. ஆதலால், நோயாளி ஒருவரின் எதிர்காலத்தை முதலாவதாகத் தீர்மானிப்பது இரத்தத்திலுள்ள எண்ணன்று. நோய் எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது, எத்தனை நிணநீர்க் கணுக்களைத் தொட்டிருக்கிறது, வேறு உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்பவையே. இரத்தக் குறியீடுகள் இவற்றுக்குத் துணைச் சான்றுகள் ஆகும்.

கட்டி விடும் அடையாளங்கள்

புற்றுக் கட்டிகளுள் சில, இரத்தத்தில் சில பொருள்களைக் கலந்துவிடுகின்றன. இவற்றைக் கட்டிக் குறியீடுகள் என்பர். இவற்றுள் பெயர் பெற்றது சி.இ.ஏ. என்பதாகும். 1965ஆம் ஆண்டில் கனடாவின் மொன்ட்ரியால் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃபிரீட்மன் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் குடற்புற்றுநோயை ஆராய்ந்தபோது இதனைக் கண்டறிந்தனர். இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை இருப்பது இயல்பு எனப் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் கொள்கின்றன. மற்றொன்று சி.ஏ. 19-9, அதன் எல்லை 37 அலகு. சி.ஏ. 72-4 என்னும் மூன்றாவது குறியீடும் இரைப்பை நோயில் அளக்கப்படுவதுண்டு.

அறுவைக்கு முன் இவை உயர்ந்திருந்தால், நோய் ஆழமாகச் சென்றிருக்கவோ பரவியிருக்கவோ கூடும் என்று மருத்துவர் எச்சரிக்கை கொள்கிறார். இன்னும் நுணுக்கமாகப் படம் எடுத்துப் பார்க்கிறார். அறுவைக்குப் பின் அந்த எண் இயல்பு நிலைக்கு இறங்கினால் அது நல்ல அறிகுறி. பிறகு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கினால், நோய் மீண்டும் தலைதூக்குகிறதா என்று ஆராய்கிறார். சில வேளைகளில் படத்தில் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே எண் ஏறிவிடுவதுண்டு.

ஆயினும் இவ்வடையாளங்கள் நம்மை ஏமாற்றவும் கூடும். பால் கொட்டகையில் கிராணியார் மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். வாளியில் மழைநீர் கலந்திருந்தால் அளவு குறைத்துக் காட்டும். மரத்தில் குறையில்லை, கருவியிலும் குறையில்லை, இடையில் மழை புகுந்துவிட்டது! ஒரு நாள் அளவைக் கண்டு, "இந்த மரம் பட்டுப்போயிற்று" என்று யாரும் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை.

அதுபோலவே, புகைபிடிப்பவர்க்குப் புற்றுநோய் இல்லாமலே சி.இ.ஏ. சற்று உயர்ந்திருக்கும். பித்தக்கல்லும் மஞ்சட்காமாலையும் சி.ஏ. 19-9 எண்ணைப் பன்மடங்கு ஏற்றிவிடும். இன்னொரு புறம், மக்களுள் ஒரு சிறு பகுதியினரின் உடல், பிறவியிலேயே சி.ஏ. 19-9 பொருளை உண்டாக்கும் ஆற்றல் இல்லாதது. அவர்க்கு நோய் முற்றியிருந்தாலும் அந்த எண் ஏறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்க நிலை நோயாளிகளுள் பெரும்பாலோர்க்கு இக்குறியீடுகள் இயல்பாகவே இருக்கும்.

ஆகவே இதனை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்: நோய் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க இச்சோதனை ஏற்றதன்று. "முழு உடற்சோதனை" என்ற பெயரில் பணம் கட்டி இரத்தம் கொடுத்து, "குறியீடு சரியாக இருக்கிறது" என்று தாள் பெற்று, அதை நம்பி வயிற்று வலியோடு மாதக்கணக்கில் இருந்துவிடுவோர் உண்டு. தாள் நன்றாகத்தான் இருக்கும். வயிற்றுக்குள் நோய் வளர்ந்துகொண்டிருக்கும். இரைப்பைப் புற்றுநோயை உறுதிசெய்யும் வழி, வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இரைப்பையை நேரில் பார்த்து, ஐயமுள்ள இடத்தில் சிறு தசைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பதேயாகும். அதனை எண்டோஸ்கோப்பி என்பர். சில நிமிட வேலை, வயிற்றைக் கிழிப்பதில்லை. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

சாதாரண இரத்தச் சோதனையின் உட்பொருள்

இனி, நாம் எளிதென்று நினைக்கும் சாதாரண இரத்தச் சோதனைக்கு வருவோம். அரசாங்க மருந்தகங்களிலும் செய்யப்படும் முழு இரத்த எண்ணிக்கையே அது. அதிலிருந்தும் நோயின் போக்கை ஓரளவு கணிக்கலாம் என்று கடந்த சில பத்தாண்டுகளில் பல நாட்டு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் பல வகைப்படும். நியூட்ரோஃபில் என்பவை புண்ணுக்கும் கிருமிக்கும் முதலில் ஓடிவரும் படை. லிம்ஃபோசைட் என்பவை பகைவனை அடையாளம் கண்டு போரிடும் தேர்ந்த படை. புற்றுநோயின்போது உடலுக்குள் ஆறாத அழற்சி ஒன்று புகைந்துகொண்டிருக்கும். கட்டிக்குள் வெள்ளணுக்கள் குழுமியிருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ 1863ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதியிருக்கிறார். இந்த அழற்சி மிகும்போது முதல் வகை பெருகுகிறது. இரண்டாம் வகை குறைகிறது.

எனவே முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்துப் பார்க்கிறார்கள். ஒருவர்க்கு நூற்றுக்கு 60 நியூட்ரோஃபிலும் 30 லிம்ஃபோசைட்டும் இருந்தால் விடை 2. வேறொருவர்க்கு 72, 18 என்றிருந்தால் விடை 4. இரைப்பைப் புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றில், விடை உயர்ந்திருந்தோர் சராசரியில் குறைந்த காலமே வாழ்ந்தனர். ஆனால் எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதில் ஆய்வுகளிடையே ஒற்றுமை இல்லை. ஒன்று 2 என்கிறது, மற்றொன்று 5 என்கிறது. சாதாரணச் சளிக்காய்ச்சலும், காலில் பட்ட வெட்டுக்காயம் சீழ் வைப்பதும்கூட இந்த எண்ணை ஏற்றிவிடும். மீண்டும் அந்த மழைநீர்க் கதையே!

இன்னொன்று அல்புமின். இது ஈரல் செய்து இரத்தத்தில் விடும் புரதம். ஒரு லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருப்பது இயல்பு. உணவு குறைந்தாலும், அழற்சி மிகுந்தாலும் இது இறங்கும். ஜப்பானிய அறுவை மருத்துவர் ஒனோடெராவும் அவருடைய குழுவினரும் 1984ஆம் ஆண்டில் அல்புமினையும் லிம்ஃபோசைட்டையும் சேர்த்து ஒரு கணக்கு வகுத்தனர். குடல், இரைப்பை அறுவைக்கு நோயாளியின் உடல் தாங்குமா என்று முன்கூட்டி அறிவதே அதன் நோக்கம். கணக்கு எளிது. ஒரு டெசிலிட்டரிலுள்ள அல்புமின் கிராமைப் பத்தால் பெருக்க வேண்டும். ஒரு கன மில்லிமீட்டரிலுள்ள லிம்ஃபோசைட் எண்ணிக்கையை 200ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: அல்புமின் 3.8, லிம்ஃபோசைட் 1,600 எனில், 38உம் 8உம் சேர்ந்து 46. அல்புமின் 2.9, லிம்ஃபோசைட் 1,000 எனில், 29உம் 5உம் சேர்ந்து 34. 45க்கு மேல் இருந்தால் அறுவையை உடல் தாங்கும் என்றும், 40க்குக் கீழே இறங்கினால் இடர் மிகும் என்றும் அவர்கள் கணித்தனர்.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை இருக்கிறது. 34 என்ற எண் "இவர் பிழைக்கமாட்டார்" என்று சொல்லவில்லை. "இவருடைய உடல் மெலிந்திருக்கிறது, முதலில் தேற்றுங்கள்" என்று சொல்கிறது. உணவியல் நிபுணரின் துணையோடு சத்துப்பாலும், முட்டையும், மீனும், பருப்பும் சிறுகச் சிறுகப் பல வேளை கொடுத்து, இரத்தச் சோகைக்கும் கிருமித் தொற்றுக்கும் மருத்துவம் செய்து, உடலைத் தேற்றிய பிறகு கத்தியை எடுக்கும் வாய்ப்பு மருத்துவர்க்குக் கிடைக்கிறது. நோயாளிக்கு "வயிற்றில் கட்டி இருக்கிறது, கஞ்சித் தண்ணீர் போதும்" என்று நாமாகப் பத்தியம் வைப்பது எவ்வளவு பெரிய தீங்கு என்பதைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தின் கணக்கும் தனி ஒருவரின் வாழ்வும்

"எண் கூடினால் ஆயுள் குறைவு" என்று அந்தப் பையன் படித்தது நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் போட்ட சராசரிக் கணக்கு. நானும் ஆசிரியப் பயிற்சி பெற்றவன்தானே! காலாண்டுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர்களுள் பலர் ஆண்டிறுதியில் தோற்பது உண்மைதான். அதற்காகக் காலாண்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிற ஆசிரியரை என்ன சொல்வது? குறைந்த மதிப்பெண் கூடுதல் பாடம் தேவை என்பதன் அடையாளம். உயர்ந்த குறியீடும் கூடுதல் கவனம் தேவை என்பதன் அடையாளமே. அது ஜாதகக் கட்டம் அன்று.

சோதனைத் தாள் கைக்கு வந்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: ஐயா, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இந்த எண் ஏறியதற்குப் புற்றுநோயைத் தவிர வேறு காரணம் இருக்கலாமா? அறுவைக்கு முன் நாங்கள் வீட்டில் செய்ய வேண்டியது என்ன? மறுபடி இந்தச் சோதனையை எப்போது செய்வீர்கள்? மொழி தடையாக இருந்தால் தமிழ் தெரிந்த தாதியரையோ, படித்த பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பழைய தாள்களையும் ஓர் உறையில் போட்டு வைத்திருங்கள். ஒற்றை எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே மருத்துவர்க்குப் பயன்படும்.

நம் சமூகத்திற்கு ஒரு தனிச் செய்தி

இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி இந்நோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும் இதனைக் கண்டறிந்து 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். 1994ஆம் ஆண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது.

மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் கோ கியன் லீ, பராசக்தி நவரத்தினம் ஆகியோர் நம் நாட்டு மக்களின் இரத்தத்தைச் சோதித்து, 2001ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இந்தியருள் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இக்கிருமியின் தடயம் காணப்பட்டது; மலாய்க்காரரிடம் மிகக் குறைவாகவே இருந்தது. வியப்பு என்னவெனில், கிருமி இவ்வளவு மிகுந்திருந்தும் சீனரைவிட இந்தியர்க்கு இரைப்பைப் புற்றுநோய் குறைவு. இதனை அறிஞர்கள் ஒரு புதிராகவே கருதுகின்றனர். கிருமியின் வகை, மரபு, உணவுப் பழக்கம் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. மஞ்சளும் மிளகும் நம்மைக் காத்துவிடும் என்று எண்ணி மெத்தனமாக இருந்துவிடலாகாது; குறைவு என்றால் இல்லை என்று பொருளன்று. மூச்சையோ மலத்தையோ சோதித்து இக்கிருமியை அறியலாம். மருத்துவர் தரும் மாத்திரைகளை, பெரும்பாலும் இரண்டு வாரம், இடைவிடாமல் உட்கொண்டால் ஒழிக்கலாம். தைவானின் மாட்சு தீவுகளில் 2004ஆம் ஆண்டு முதல் மக்கள் எல்லாரையும் சோதித்து மருந்து கொடுத்ததில், இரைப்பைப் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைந்தது. புகையையும் மதுவையும் விடுவதும், உப்பு மிகுந்த கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பதும் நம் கையிலேயே உள்ளன.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தோன்றி விடாது தொடரும் வயிற்றெரிச்சல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், காரணமின்றி உடல் இளைத்தல், விழுங்கத் தடை, அடிக்கடி வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், வெளுத்துப்போன உடலும் களைப்பும். இவற்றுள் ஒன்று இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தாலும் அரசாங்க மருந்தகத்திற்குச் செல்லுங்கள். கறுப்பு மலமோ இரத்த வாந்தியோ கண்டால் அன்றே செல்லுங்கள். அங்கிருந்து பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களைச் சேர்ந்தோர்க்கு இலவச உடற்சோதனை வழங்கவும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் போக்குவரத்துக்கு உதவவும் 2019ஆம் ஆண்டில் பெக்கா பி40 என்னும் அரசாங்கத் திட்டம் தொடங்கப்பட்டது. உங்களுக்குத் தகுதி உண்டா என்று மருந்தகத்திலேயே கேட்டறியுங்கள்.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். எண்ணைப் படிப்பது மருத்துவரின் கடமை. நோயாளியின் மனம் தளராமல் உடனிருப்பது நம் கடமை.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். மறுநாளே அவரும் மனைவியும் மருத்துவரைக் காணச் சென்றார்கள். நானும் உடன் சென்றேன். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இந்த எண்ணைப் பார்த்துத்தான் நாங்கள் இன்னொரு முறை படம் எடுத்தோம். வேறு உறுப்புக்குப் பரவவில்லை. ஆகவேதான் அறுவை செய்ய நாள் குறித்தோம்." எந்த எண்ணைக் கண்டு அவர் வீட்டில் முடங்கினாரோ, அதே எண்தான் மருத்துவரை இன்னும் கவனமாகப் பார்க்க வைத்திருந்தது. அல்புமின் குறைவாக இருந்ததால் அறுவையைச் சில நாள் தள்ளி, உடலைத் தேற்றிய பின் செய்தார்கள்.

அவருடைய குறியீடு இறங்கியிருக்கிறது. முழுவதும் குணமாகிவிட்டார் என்று நானும் சொல்லமாட்டேன், மருத்துவரும் சொல்லவில்லை. அடுத்த சோதனை வரும் மாதம். தேதியை அந்த அம்மையார் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அன்றைக்குப் பெரியவர் தவறாமல் போவார் என்பது எனக்குத் தெரியும். நீங்களும் உங்களுக்குக் குறித்த நாளில் தவறாமல் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.